நம் நிலத்துக் கட்டுச்சோறு

இயற்கை வழியில் விவசாயம் செய்கிற குடும்பங்களில் ஒரு வேடிக்கையைத் தொடர்ந்து பார்க்கிறேன். வீட்டில் இருக்கும்போது கிச்சிலிச் சம்பா, மரச்செக்கு நல்லெண்ணெய், பூச்சிமருந்து படாத கத்தரிக்காய் என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறோம். ஒரு நாள் வெளியே கிளம்பினால் போதும், எல்லாம் மாறிவிடுகிறது. கல்லணைக்குப் போனாலும் சரி, முக்கொம்புக்குப் போனாலும் சரி, இன்னொரு நண்பரின் பண்ணையைப் பார்க்கப் போனாலும் சரி, பையில் முதலில் ஏறுவது பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம். மதியம் வழியில் எந்த ஓட்டல் கண்ணில் படுகிறதோ அங்கே பரோட்டா. "ஒரு நாள்தானே, விடுங்க" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு நாள்தான். ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் திருநாள். ஆற்றில் குளித்த சந்தோஷமும் சிப்ஸ் பாக்கெட்டும் அவர்கள் மனசில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. வீட்டுச் சோறு கடமை, பாக்கெட் கொண்டாட்டம் என்று பதிந்துவிட்டால், நாளைக்கு இந்த நெல்லை யார் விதைப்பார்கள்? மரபு நெல் ரகங்களை மீட்டெடுக்க நம்மாழ்வார் ஐயாவும் நெல் ஜெயராமன் அண்ணனும் ஊர் ஊராக அலைந்தார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் விதை வாங்கி வந்து நாமும் பெருக்கினோம். வயலில் பெருகிய நெல்லை வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடவில்லை என்றால் அந்த வேலை பாதியில் நிற்கிறது.

இதைப் பெண்கள் கூட்டத்தில் பேசினால் உடனே ஒரு பதில் வரும். "நல்லாத்தான் இருக்கு சொல்றதுக்கு. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு ஆக்கிக் கட்டுறது யாரு?" நியாயமான கேள்வி. எல்லாரும் ஜாலியாகக் கிளம்பும் நாளில் வீட்டுப் பெண் மட்டும் தூக்கம் கெட்டு, அடுப்படியில் வெந்து, பஸ்ஸில் ஏறியதும் தலைவலியோடு உட்காருகிறாள் என்றால் அந்தக் கட்டுச்சோறு யாருக்கும் வேண்டாம். பாக்கெட் ஜெயிப்பது ருசியால் இல்லை, சுலபத்தால். நம் சோறும் சுலபமானால்தான் அது பைக்குள் ஏறும். எப்படிச் சுலபமாக்குவது, எப்படிக் கெடாமல் கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என ஆறு பேர். அளவெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

பழைய ஆட்களின் கணக்கு

கட்டுச்சோறு நமக்குப் புதுசு கிடையாது. வண்டி கட்டிக்கொண்டு சமயபுரத்துக்கும் பழநிக்கும் போனவர்கள் சோற்றையும் கட்டிக்கொண்டுதான் போனார்கள். ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் உட்கார்ந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு சாப்பிடுவது இன்றைக்கும் நடக்கிறது. கொங்குப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற சடங்குக்கே கட்டுச்சோறு விருந்து என்றுதான் பெயர்.

எந்தச் சோறு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பயணம் என்றால் புளிச்சோற்றைத்தான் முதலில் நினைத்தார்கள். காரணம் ருசி மட்டும் இல்லை. புளியின் புளிப்பும், கூடுதல் உப்பும், நிறைய நல்லெண்ணெயும் சேர்ந்த இடத்தில் கெடுக்கும் கிருமிகள் சீக்கிரம் வளர்வதில்லை. நல்லெண்ணெயில் இயல்பாகவே உள்ள சீசமால் போன்ற பொருட்கள் எண்ணெயைச் சிக்கு வாடை அடிக்காமல் காக்கின்றன. தேங்காய்ச் சோற்றில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஈரமும் கொழுப்பும் இனிப்பும் உள்ள தேங்காய் வெயிலில் வேகமாக ஊசிப்போகும். அதனால்தான் அதைக் கரைக்குப் போனதும் முதலில் தீர்ப்பார்கள், புளிச்சோற்றைக் கடைசிக்கு வைப்பார்கள்.

சோறு ஏன் கெடுகிறது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பயணம் ஒன்றில், சூடாக அடைத்துக் கொண்டுவந்த காய்கறிச் சோற்றை மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டார்கள். அரிசி நல்ல அரிசி, காயும் நல்ல காய்தான். நஞ்சில்லாமல் விளைந்ததாலேயே சோறு கெடாமல் நிற்கும் என்று நினைக்கக் கூடாது.

பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு நுண்ணுயிரி மண்ணில் இருக்கிறது. நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் வந்துவிடும். இயற்கை நிலம், ரசாயன நிலம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. சோறு கொதிக்கும்போது அது செத்தாலும் அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான சோற்றில் மணிக்கணக்காக இருந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கிற அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே "சுடவச்சுக் குடுத்துடலாம்" என்பது தீர்வு ஆகாது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, சோறு ஒன்று நல்ல சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடு என்றால் 60 டிகிரிக்கு மேல், கை வைக்க முடியாத சூடு. நடுவில் இருக்கிற வெதுவெதுப்புதான் ஆபத்து. சாதாரண ஹாட்பாக்ஸ் மதியம் வரை அந்தச் சூட்டைக் காக்காது. அதனால் ஆற வைத்துக் கட்டுவதே மேல்.

இரண்டாவது, வேகமாக ஆற வைக்க வேண்டும். அகலமான தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, மெல்லிசாகப் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் அரை மணியில் ஆறிவிடும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி நீராகக் கோத்துச் சோற்றில் சொட்டும். அந்த நீர் விழுந்த இடத்தில்தான் முதலில் பிசுபிசுக்கும்.

மூன்றாவது, கையால் பிசையாமல் காய்ந்த கரண்டியால் கிளற வேண்டும். பாத்திரமும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

நான்காவது, நேரம். தேங்காய், காய்கறி, வெங்காயம் சேர்ந்த சோற்றை மதியத்துக்குக் கட்ட வேண்டாம். புளிப்பில்லாத எதுவும் கிளம்பிய இரண்டு மணி நேரத்துக்குள் தீரட்டும். புளிச்சோறும் தயிர்ச்சோறும்தான் மதியச் சாப்பாடு. அதையும் காலை ஆறு மணிக்கு ஆக்கினால் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. வெயில் காலத்தில் நிறுத்திவைத்த காருக்குள் சோற்றுப் பையை விடாதீர்கள், இறக்கி மர நிழலில் வையுங்கள்.

எந்த அரிசி எதுக்கு?

கடைக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, நமக்கு உண்டு. வீட்டில் நான்கு ரக நெல் இருக்கும்போது எதைக் கட்டுச்சோற்றுக்கு எடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது நெல்லின் வயசு. அறுத்த புதுசில் அரைத்த அரிசி குழையும், ஒட்டும். பொங்கலுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் அது நல்லது. புளிச்சோற்றுக்கு ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருசம் பழகிய நெல்லை எடுங்கள். பருக்கை பருக்கையாக உதிரும், எண்ணெயும் புளியும் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும்.

கிச்சிலிச் சம்பாவும் தூயமல்லியும் கலந்த சோறுகளுக்குக் கச்சிதமானவை. ஆறினாலும் ரொம்ப விறைக்காது. சீரகச் சம்பா வாசனைக்குப் பேர்போனது, ஆனால் அதன் வாசனை புளிக்குள் அடங்கிப்போகும். அதைத் தக்காளிச் சோறு, பிரியாணி என்று வீட்டில் சூடாகச் சாப்பிடுகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரியான சிவப்பு ரகங்கள் சோறாகக் கட்டினால் ஆறியதும் கெட்டியாகிவிடும், சின்னப் பிள்ளைகள் மெல்லக் கஷ்டப்படுவார்கள். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா அவல் பயணத்துக்கு அருமை. அடுப்பே வேண்டாம். போன இடத்தில் நனைத்து, வெல்லத்தூளும் வாழைப்பழமும் போட்டால் சிற்றுண்டி தயார். கருப்புக் கவுனி ஒட்டும் தன்மை உள்ளது. அதை வறுத்து அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து உருண்டையாகப் பிடித்தால் ஒரு வாரம் தாங்கும்.

சிறுதானியம் கட்டுகிறவர்கள் சாமையில் ஆரம்பியுங்கள். சாமைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்து தாளித்தால் காலைப் பதினோரு மணி பசிக்குச் சரியாக இருக்கும். சாமைத் தயிர்ச்சோறு நேரம் ஆக ஆகப் பாலை உறிஞ்சி இறுகும். அரிசிக்கு விடுவதை விட ஒரு டம்ளர் பால் கூட விடுங்கள்.

ஆறு பேருக்குப் புளிச்சோறு

பழைய அரிசி அரைக் கிலோ. புளி 75 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, வரமிளகாய் 8, கடலைப் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, வேர்க்கடலை 50 கிராம், கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, நெல்லிக்காய் அளவு வெல்லம், உப்பு.

மல்லி இரண்டு மேசைக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மூன்று மிளகாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து ஒன்றாகப் பொடித்துக்கொள்ளுங்கள். புளியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். எண்ணெயில் கடுகு, கடலைப் பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி மஞ்சள், உப்பு, வெல்லம் போட்டுச் சிறு தீயில் விடுங்கள். சுண்டிச் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து நிற்க வேண்டும். அதுதான் பக்குவம். எண்ணெய் பிரியாமல் இறக்கினால் தண்ணீர் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். இறக்கிய பிறகு பொடியைத் தூவிக் கலக்குங்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், சோற்றில் கலந்ததும் சரியாகிவிடும்.

இந்தப் புளிக்காய்ச்சலைக் கிளம்புகிற அன்றைக்குச் செய்யவே வேண்டாம். ஒரு வாரம் முன்னாடி செய்து, ஆறவைத்து, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி வைத்துவிடலாம். அன்றைக்குக் காலையில் வேலை என்பது சோறு வடித்துக் கலப்பது மட்டும்தான். வேர்க்கடலையை வறுத்துத் தனியாக எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது தூவினால் மொறுமொறுப்பு போகாது.

புளி நம் வரப்பு மரத்துப் புளியாக இருந்தால் இன்னும் நல்லது. மாசி, பங்குனியில் உலுக்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மண்பானையில் அடைத்த புளி வருசம் முழுக்க வரும். அரிசி, புளி, எள், கடலை, மிளகாய், மஞ்சள், மல்லி, கறிவேப்பிலை என எண்ணிப் பாருங்கள். ஒரு புளிச்சோற்றில் ஒரு விவசாயியின் புன்செய், நன்செய், வரப்பு, கொல்லை நான்கும் இருக்கின்றன. கடையில் வாங்குவது உப்பு, கடுகு, பெருங்காயம், கடலைப் பருப்பு மாதிரி சிலதைத்தான்.

தயிர்ச்சோறு புளிக்காமல் இருக்க

மதியத்துக்குள் புளித்துப்போகிறது என்பதுதான் எல்லாருக்கும் உள்ள குறை. பாலை வைத்துக் கட்டினால் அந்தக் குறை வராது. அரிசி 300 கிராம் எடுத்துக் கொஞ்சம் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் அரை லிட்டருக்குக் குறையாமல் ஊற்றுங்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி தயிர் விட்டுக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் ஒரு கரண்டி போதும். பயணத்திலேயே உறைந்து, மதியம் திறக்கும்போது பதமான தயிர்ச்சோறாக இருக்கும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிக்கலாம். வெங்காயம், வெள்ளரி, மாதுளை எதையும் முன்கூட்டிக் கலக்க வேண்டாம். தேவையென்றால் அங்கே போய் நறுக்கிப் போடலாம். நாட்டு மாட்டுப் பால் உள்ளவர்கள் வீட்டில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சோறு மட்டும் போதாது

கட்டுச்சோற்றில் ஒரு குறை உண்டு. சோறு, மறுபடி சோறு, தொட்டுக்க வடகம் என்று போய்விடும். வளரும் பிள்ளைக்குப் பருப்பும் முட்டையும் கடலையும் பழமும் வேண்டும். இலையில் பாதி இடம் சோறு இல்லாததற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் போடாத சுண்டலைத் தண்ணீர் வற்ற வதக்கிக் கட்டலாம். பருப்புத் துவையலைத் தண்ணீர் விடாமல் புளி சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் மதியம் வரை நிற்கும். சட்னி எதுவும் வேண்டாம். முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் நாட்டுக்கோழி முட்டையை அவித்து ஓட்டோடவே எடுத்துப்போங்கள். உரித்துக் கொண்டுபோனால் வழவழக்கும், வாடையடிக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லிதான் சுலபம். முதல் நாள் மாவு இருந்தால் போதும். இட்லி ஆறியதும் எள்ளுப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்குங்கள். சாம்பார் தூக்கிச் சுமக்கிற வேலையே இல்லை.

காயையும் பழத்தையும் முழுசாகவே எடுத்துப்போங்கள். தோலை விட நல்ல பொட்டலம் கிடையாது. வெள்ளரிப் பிஞ்சு, கேரட், கொய்யா, வாழைப்பழம், நெல்லிக்காய் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் துணிப்பையில் போட்டு, கூட ஒரு கத்தி வைத்தால் முடிந்தது. பருவத்தைப் பார்த்துப் பை மாறும். சித்திரை, வைகாசியில் மாங்காய், வெள்ளரி, நுங்கு. ஆனி, ஆடியில் நாவல்பழம். ஐப்பசி, கார்த்திகையில் புதுக்கடலை அவித்தது, சீத்தாப்பழம். தை மாதம் காணும் பொங்கலுக்குப் போனால் பனங்கிழங்கும் கரும்பும் இருக்கும்போது வேறு தின்பண்டம் எதற்கு?

சிப்ஸுக்கு மாற்று கேட்பார்கள். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை மூன்றும் நாள் கணக்கில் கெடாதவை. கடலையைப் பொறுக்கும்போது சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது எதையும் உருண்டைக்குச் சேர்க்காதீர்கள். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. கடலை மிட்டாய்க்கு நல்ல விலை இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற உருண்டை நாளைக்கு உங்கள் வீட்டு மதிப்புக்கூட்டல் தொழிலாகக்கூட ஆகலாம்.

குடிக்க, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலிலோ பெரிய கேனிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மோரைத் தண்ணீர் விடாமல் கெட்டியாகக் கடைந்து எடுத்துப்போய் அங்கே நீர் சேர்க்கலாம். வெல்லம், சுக்கு, ஏலக்காய் பொடித்து ஒரு டப்பாவில் போட்டு, இரண்டு எலுமிச்சை எடுத்துக்கொண்டால் நினைத்த இடத்தில் பானகம்.

இலையும் தூக்கும்

புளிச்சோற்றைப் பித்தளை, அலுமினியப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் தூக்கோ ஈயம் பூசிய பாத்திரமோ நல்லது. அதை விட நல்லது இலை. வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடங்கும். ஆறிய புளிச்சோற்றை ஆளுக்கு ஒரு பொட்டலமாக வைத்து வாழைநாரால் கட்டுங்கள். வாட்டிய இலையின் வாசனை சோற்றில் ஏறி மதியம் பிரிக்கும்போது ஒரு மணம் வரும் பாருங்கள், அதற்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். தேக்கு இலை, மந்தாரை இலை கிடைக்கிற ஊரில் அதையும் பயன்படுத்தலாம். காஞ்சிபுரம் கோயில் இட்லி மந்தாரை இலையில்தானே வேகிறது!

இலையை எங்கே அறுக்கிறோம் என்பதும் முக்கியம். இலைப்புள்ளி நோய்க்குப் பூசணக்கொல்லி அடித்த வாழைத் தோட்டத்து இலையில் நம் சோற்றைக் கட்டினால் எல்லாம் வீண். சொந்தக் கொல்லையில் இரண்டு வாழை இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் ஆடிப்பெருக்கு மறுநாள் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள், பாலிதீன் தாள் எவ்வளவு கிடக்கிறது என்று. அந்தத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக நம் வயலுக்கு வருகிறது. இலையும் நாரும் என்றால் குப்பை என்ற பேச்சே இல்லை. அதையும் ஆற்றில் போடாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாட்டுக்கோ மக்குக்குழிக்கோ ஆகும்.

யார் எந்த வேலை?

எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்தது இப்படித்தான். ஒரே ஆள் செய்தால் இது பாரம், ஆறு பேர் செய்தால் விளையாட்டு.

ஒரு வாரம் முன்னால்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். நான் புளிக்காய்ச்சலும் எள்ளுப் பொடியும் செய்துவிடுவேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "எண்ணெ இன்னும் பிரியல, தீயைக் குறை தாயி" என்று பக்குவம் சொல்வார். உருண்டை பிடிப்பது பிள்ளைகள் வேலை. பாதி வாய்க்குள் போகும், அதற்கும் சேர்த்துத்தான் கடலை வறுக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம்: இலை அறுப்பது, கழுவுவது, நார் கிழிப்பது மாமனார் பொறுப்பு. பழம், காய் கழுவித் துடைப்பது, பாட்டில்களில் தண்ணீர் நிரப்புவது, கத்தி, கரண்டி, துணி, டம்ளர் எடுத்து வைப்பது பெரியவனும் சின்னவளும். கொண்டைக்கடலை ஊறவைப்பது, மாவு இருக்கிறதா பார்ப்பது என் வேலை.

அன்றைக்குக் காலை ஐந்து மணி: ஒரு அடுப்பில் புளிச்சோற்றுக்கு உலை, ஒரு அடுப்பில் தயிர்ச்சோறு. இட்லியும் சுண்டலும் அடுத்த சுற்று. ஆறு மணிக்கு அடுப்பு வேலை முடிந்துவிடும். சோறு ஆற வைத்துக் கலந்து, இலை வாட்டிப் பொட்டலம் கட்டுவது என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் நான் குளித்துத் தலை சீவிக்கொள்வேன். ஏழரைக்குக் கிளம்பலாம்.

ஆண்கள் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். நிலத்தில் களைக்கொல்லி அடிக்காமல் ஆள் வைத்துக் களை எடுக்கிறோம், உழைப்பு கூட ஆகும் என்று தெரிந்தே எடுக்கிறோம். அந்த நியாயம் அடுப்படிக்கும் பொருந்தும். நஞ்சில்லாச் சோற்றின் உழைப்பு முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தால் அவள் எவ்வளவு நாளைக்குத் தாங்குவாள்? சலித்துப்போய் ஒரு நாள் "கடையிலயே வாங்கிக்கலாம்" என்பாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

நம் கூட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த மாதப் பண்ணைப் பார்வைக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு கட்டுச்சோறு கொண்டுவரலாமே? பொட்டலத்தின் மேல் என்ன அரிசி, எந்த ஊர் வயல், எப்போது அறுத்தது என்று ஒரு சீட்டு மட்டும் எழுதிச் செருகுங்கள். இரண்டு பொட்டலம் கூடுதலாகக் கட்டுங்கள். பண்ணை பார்க்க நகரத்திலிருந்து வருகிற குடும்பங்கள் "மரபு அரிசி வாங்கினோம், பிள்ளைங்க சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டேதான் வருகின்றன. அவர்களுக்கு நெல்லின் பெருமையைப் பத்து நிமிசம் பேசுவதை விட, மர நிழலில் உட்காரவைத்து ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுங்கள். "இது என்ன அரிசிங்க?" என்று அவர்களாகவே கேட்பார்கள். சீட்டில் பெயர் இருக்கும். மூட்டை உங்கள் வீட்டில் இருக்கும்.